ஆங்கில வழக்கில் மருந்துப் பெயர்கள்: சில சமூகவரலாற்றுக் குறிப்புகள்

மருத்துவச் சொற்களின் வரலாற்றை எழுதப் புகுவோர் பெரும்பாலும் மருத்துவ நூல்களிலே தொடங்கி, மருத்துவ நூல்களிலேயே முடித்துவிடுகின்றனர். நோயாளி பேசிய சொற்கள் அவ்வரலாற்றில் அருகியே இடம்பெறுகின்றன. வைத்தியன் எழுதிய பெயர் ஒன்றாகவும், வலியுற்றவன் சொன்ன பெயர் வேறொன்றாகவும் இருந்த காலங்கள் எல்லா மொழிகளிலும் உண்டு. அவ்விரண்டிற்கும் இடையிலிருந்த தூரம் வெறும் மொழியியற் செய்தியன்று. அறிவு யாரிடம் இருந்தது, அதனை அவர் எவ்வாறு காத்துக்கொண்டார் என்பதற்கான சான்றும் அதுவே.

இக்கட்டுரையில் நாம் ஆங்கிலத்தை எடுத்துக்கொள்வதற்குக் காரணம் உண்டு. எம்மவர் பலருக்கு ஆங்கிலமே மருத்துவத்தின் இயல்பான மொழி என்று தோன்றுகின்றது. ஆயின் அந்த ஆங்கிலேயரின் நாட்டிலேயே மருத்துவம் நெடுங்காலம் பிறமொழியொன்றின் பூட்டுக்குள் இருந்தது என்பதும், தாம் உட்கொள்ளும் மருந்து இன்னதென்று தம் மொழியில் அறிந்துகொள்வதே ஆங்கிலப் பொதுமக்களுக்கு ஒரு காலத்தில் அரசியற் பிரச்சினையாக இருந்தது என்பதும் இங்கு அதிகம் பேசப்படுவதில்லை.

பழைய ஆங்கிலத்தில் வைத்தியனுக்கு வழங்கிய பெயர் 'லீச்' என இன்று ஒலிக்கும் சொல்லின் முன்வடிவமாகும். குருதி குடிக்கும் அட்டைக்கும் அதே பெயர். வைத்தியன் அட்டை விட்டமையால் இப்பெயர் பெற்றான் என்று எளிதாகச் சொல்லிவிடலாம். ஆனால் தொடக்கத்தில் வேறுவேறாயிருந்த இரு சொற்கள் காலப்போக்கில் ஒலியொப்புமையால் ஒன்றாகின என்பதே அறிஞர் பலரது கருத்து. எவ்வாறாயினும், இன்று அச்சொல்லில் வைத்தியன் இல்லை. அட்டை மாத்திரமே எஞ்சியுள்ளது. பிறரை உறிஞ்சி வாழ்பவனைக் குறிக்கவும் அச்சொல்லே பயன்படுகின்றது. ஒரு தொழிலின் மதிப்பிற்குரிய பெயர் இவ்வளவு தாழ்ந்தமை ஏன் என்பதைப் பின்னர் நோக்குவோம்.

அவ்வைத்தியன் பூசிய களிம்பின் பெயர் 'சல்வ்'. இது செர்மானிய மொழிகளுக்குப் பொதுவான பழஞ்சொல். செர்மனியர் இன்றும் களிம்பினைச் 'சல்பே' என்பர். இதன் வேர் வடமொழியில் உருக்கிய நெய்யைக் குறிக்கும் 'சர்ப்பிஸ்' என்பதோடு உறவுடையது என்று ஒப்பியன் மொழிநூலார் காட்டியுள்ளனர். கொழுப்பும் நெய்யுமே களிம்பின் ஆதிப்பொருள்கள் என்பதை இவ்வுறவு உணர்த்துகின்றது. பத்தாம் நூற்றாண்டைச் சேர்ந்த 'போல்டின் லீச் நூல்' எனப்படும் பழைய ஆங்கில மருத்துவச் சுவடியில் இத்தகைய பல பூச்சுமருந்துகள் கூறப்படுகின்றன. அவற்றுள் ஒன்று கண்கட்டிக்குரியது: உள்ளி, வெங்காய இனத்துப் பூண்டு வேறொன்று, திராட்சை மது, எருதின் பித்தம் ஆகியவற்றைக் கலந்து பித்தளைக் கலத்தில் ஒன்பது இரவுகள் வைத்திருந்து எடுப்பது. 2015 இல் நொட்டிங்காம் பல்கலைக்கழகத்தார் இம்முறைப்படியே அதனை ஆக்கிச் சோதித்தபோது, இன்றைய மருந்துகள் பலவற்றுக்குக் கட்டுப்படாத கிருமி வகையொன்றை அது பெருமளவிற் கொன்றமை அறியப்பட்டது. இதனைக் கொண்டு முன்னோர் யாவும் அறிந்திருந்தனர் என்று முழக்கமிடுவோர் எல்லா நாடுகளிலும் உளர். அச்சுவடியிலேயே அம்மருந்தின் அருகில் வேறுபல பயனற்ற முறைகளும் மந்திரங்களும் காணப்படுகின்றன என்பதையும் நாம் மறத்தலாகாது. எமது நோக்குக்கு வேண்டியது வேறொன்று: அச்சுவடி மக்கள் பேசிய மொழியிலே எழுதப்பட்டது. ஐரோப்பாவின் பிற பகுதிகளில் மருத்துவம் இலத்தீனில் எழுதப்பட்ட காலத்தில் இங்கிலாந்தில் அது தாய்மொழியில் எழுதப்பட்டது.

1066 இல் நோர்மானியர் இங்கிலாந்தைக் கைப்பற்றியதும் இந்நிலை மாறிற்று. ஆளும் வர்க்கத்தின் மொழி பிரெஞ்சாயிற்று. கல்வியின் மொழி இலத்தீனாகவே நிலைபெற்றது. 'மெடிசின்', 'றெமெடி', 'ஒயின்ற்மென்ற்', 'பாம்' ஆகிய யாவும் பிரெஞ்சின் வழியாக நுழைந்தவை. மாட்டினை மேய்த்தவன் தன் சொல்லாலும், அதன் இறைச்சியை உண்ட பிரபு தன் சொல்லாலும் குறித்தனர் என்ற கதையை ஆங்கிலமொழி வரலாறு படித்தோர் யாவரும் அறிவர். களிம்புக்கும் ஏறத்தாழ அதுவே நேர்ந்தது. 'சல்வ்' வழக்கொழிந்து போகவில்லை. உதட்டுக்குப் பூசுவதற்கும் மனச்சாட்சியின் உறுத்தலைத் தணிப்பதற்கும் இன்றும் அச்சொல் பயன்படுகின்றது. ஆயின் மருந்துக்கடையின் தட்டிலே இருப்பது 'ஒயின்ற்மென்ற்' தான்.

இப்புதிய சொல்லுக்கு மற்றொரு பக்கமும் உண்டு. எண்ணெய் பூசுதல் என்னும் பொருளுடைய இலத்தீன் வினையிலிருந்து பிறந்த இச்சொல்லுக்கு உடன்பிறந்தது அரசனையும் குருவையும் அபிடேகம் செய்தலைக் குறிக்கும் சொல். மரணத் தறுவாயில் குருவானவர் பூசும் எண்ணெய்க்கும் அவ்வினையடியாகவே பெயர் அமைந்தது. மேனியின் புண்ணை ஆற்றுவதும், ஆன்மாவைத் தூய்மையாக்குவதும், முடியாட்சிக்குத் தெய்வீக உரிமை வழங்குவதும் ஒரே வேரிலிருந்து முளைத்தன. 2023 இல் பிரித்தானிய மன்னரின் முடிசூட்டு விழாவிலும் இவ்வெண்ணெய்ச் சடங்கு திரைமறைவில் நடைபெற்றது. பொதுமக்களோ வேறு தீர்ப்பு வழங்கியிருக்கின்றனர்: அதே வேரிலிருந்து வந்த 'அங்சுவஸ்' என்னும் உரிச்சொல், இன்றைய ஆங்கிலத்தில் வழவழவென்று பேசிக் குழையும் போலிப் பணிவுடையவனைக் குறிக்கின்றது.

'பாம்' என்பதன் பயணம் இன்னும் நெடியது. யூதேயாப் பகுதியில் வளர்ந்த மரமொன்றின் நறுமணப் பிசினுக்கு வழங்கிய செமித்தியப் பெயரே கிரேக்கத்திலும் இலத்தீனிலும் புகுந்து, பிரெஞ்சில் தேய்ந்து, ஆங்கிலத்தை அடைந்தது. பின்னர் கற்றோர் இலத்தீன் வடிவத்தையே நேராகக் கொணர்ந்து 'போல்சம்' என்றும் வழங்கலாயினர். எனவே ஒரே சொல் இருமுறை வந்து இரு சொற்களாக நிற்கின்றது. பொதுமக்களின் வடிவத்திலும் இலத்தீனை நினைவூட்டுதற்பொருட்டு ஒலிக்காத எழுத்தொன்றைச் செருகிவிட்டனர். பாடசாலை மாணவர் இன்றுவரை அதன்பொருட்டு அடிவாங்குகின்றனர் எனலாம். தலையிடிக்கு எங்கள் வீடுகளிற் பூசும் 'பாம்' இச்சொல்லே.

எரேமியா தீர்க்கதரிசியின் நூலிலே கீலேயாத்தின் பிசினைப் பற்றிய புகழ்பெற்ற வினா ஒன்று வருகின்றது. தமிழ் விவிலியத்தில் அது 'பிசின் தைலம்' எனப் பொருத்தமாகவே பெயர்க்கப்பட்டுள்ளது. 1611 ஆம் ஆண்டின் ஆங்கில மொழிபெயர்ப்பு 'பாம்' என்கின்றது. ஆயின் 1568 இல் ஆயர்கள் வெளியிட்ட ஆங்கில விவிலியத்தில் அவ்விடத்தில் நிற்பது 'ட்றீக்கிள்'. இக்கால ஆங்கிலேயருக்கு 'ட்றீக்கிள்' என்றால் ரொட்டியிலே தடவும் கருஞ் சர்க்கரைப்பாகு. இறைவாக்கினர் பாகுக்காக அழுதார் என்பது நகைப்புக்கிடமாகத் தோன்றுவதால் அப்பதிப்பே 'ட்றீக்கிள் விவிலியம்' எனப் பெயர்பெற்றுவிட்டது. மொழிபெயர்த்தவர் தவறு செய்யவில்லை. அவர் காலத்தில் அச்சொல்லின் பொருள் அரிய மருந்து என்பதே.

இச்சொல்லின் வரலாறு சற்று விரிவாகக் கூறத்தக்கது. கிரேக்கத்தில் கொடிய விலங்கினைக் குறிக்கும் சொல்லடியாக, நச்சுக்கடிக்கான மாற்றுமருந்து 'தேரியக்கே' எனப்பட்டது. உரோமப் பேரரசன் நீரோவின் மருத்துவரான அந்திரோமக்கஸ் விரியன் பாம்பின் இறைச்சியைச் சேர்த்து அறுபதுக்கு மேற்பட்ட சரக்குகளால் அதனை ஆக்கினார். அபினும் அதில் ஓர் உறுப்பு. மத்தியகால ஐரோப்பாவில் அது சகல நோய்க்கும் மருந்தாயிற்று. வெனிசு நகரத்து வணிகர் அதனால் பெரும்பொருள் ஈட்டினர். பிரெஞ்சில் தேய்ந்து ஆங்கிலத்திற்கு வந்த வடிவமே 'ட்றீக்கிள்'. சரக்குகளைக் குழைப்பதற்குத் தேனோ பாகோ வேண்டும். மேற்கிந்தியத் தீவுகளின் கரும்புத் தோட்டங்களில் ஆபிரிக்க அடிமைகளின் உழைப்பால் விளைந்த சர்க்கரை பதினேழாம் நூற்றாண்டில் இலண்டனிற் குவிந்தது. சுத்திகரிப்பாலைகளில் எஞ்சிய கருஞ்சாறு மலிவாகக் கிடைத்தது. மருந்தைக் குழைக்கும் பாகுக்கே மருந்தின் பெயர் ஏறிற்று. பின்னர் மருந்து மறைந்து பாகு மாத்திரம் நின்றது. 1745 இல் வில்லியம் ஹெபடன் என்ற மருத்துவர் பழைய கலவை பயனற்றது என நிறுவி நூலெழுதினார். அப்போது சமையலறையிற் சொல் தன் புதிய வாழ்வைத் தொடங்கிவிட்டிருந்தது.

இனி, மருந்துப் பட்டியின் மொழிக்கு வருவோம். ஆங்கில நாட்டு வைத்தியத்தொழில் மூன்று படிகளாக அமைந்திருந்தது. உச்சியிலே, இயற்கையைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லாற் பெயர்பெற்ற 'பிசிசியன்'. அவர் பல்கலைக்கழகத்தில் இலத்தீன் கற்றவர். நோயாளியைத் தொடுதல் குறைவு. அடுத்து, கையால் தொழில் செய்பவன் என்னும் பொருளுடைய பெயரைத் தாங்கிய இரணவைத்தியன். நாவிதரோடு ஒரே சங்கத்தில் இருந்தவன். கடைசியில் 'அப்பொதிக்கரி'. களஞ்சியத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிற் பிறந்தது இது. ஆடைக் கடைக்கு இன்று நாகரிகப் பெயராக வழங்கும் 'பூற்றிக்' என்பதும் அதன் உடன்பிறப்பே. 1617 வரை அப்பொதிக்கரிமார் பலசரக்கு வணிகரின் சங்கத்திலேயே இருந்தனர் என்பது அவர்களின் சமூகநிலையைக் காட்டும். 1518 இல் அமைந்த மருத்துவர் கல்லூரி இவர்களை மேற்பார்வை செய்யும் அதிகாரம் பெற்றிருந்தது. இலங்கையில் குடியேற்ற ஆட்சிக்கால மருத்துவ அமைப்பிலும் அப்பொதிக்கரி என்பது மருத்துவருக்குக் கீழ்ப்பட்ட ஒரு பதவியாகவே இருந்தது. எமது ஊர்களில் முதியோர் அச்சொல்லை இன்னும் மறக்கவில்லை.

மருத்துவர் எழுதும் பட்டி 'எடுத்துக்கொள்' என்னும் பொருளுடைய 'றெசிப்பி' என்ற இலத்தீன் ஏவலுடன் தொடங்கிற்று. இன்று சமையற்குறிப்பைக் குறிக்கும் சொல் அதுவே. மருந்துச் சீட்டின் தலையில் எம் மருத்துவர் இடும் குறியும் அவ்வேவலின் சுருக்கமாகக் கொள்ளப்படுகின்றது. இவ்வேவல் நோயாளியை நோக்கியதன்று, அப்பொதிக்கரியை நோக்கியது. மருத்துவனும் மருந்து கூட்டுபவனும் பேசிக்கொள்ள, இடையிலே படுத்திருந்தவன் ஒன்றும் விளங்காதவனாய் இருந்தான். 1618 இல் கல்லூரி வெளியிட்ட மருந்துநூலும் இலத்தீனிலேயே அமைந்தது.

இப்பூட்டினை உடைத்தவர் நிக்கலஸ் கல்பெப்பர். அப்பொதிக்கரி ஒருவரிடம் தொழில் பழகியவர்; இலண்டனின் கிழக்கே ஸ்பிற்றல்பீல்ட்ஸ் பகுதியில் ஏழைகளுக்கு வைத்தியம் பார்த்தவர்; உள்நாட்டுப் போரிலே பாராளுமன்றத்தின் பக்கம் நின்று காயமுற்றவர். மன்னன் தலை துண்டிக்கப்பட்ட அதே 1649 ஆம் ஆண்டில் அவர் கல்லூரியின் மருந்துநூலை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து வெளியிட்டார். மூலநூலில் மருந்துகளின் கூட்டு மாத்திரமே இருந்தது. ஒவ்வொன்றும் எதற்குப் பயன்படும் என்பதைக் கல்பெப்பர் சேர்த்தார். கல்லூரியின் சினத்திற்கு இச்சேர்க்கையே முதற்காரணம் என்று நாம் கருதுகின்றோம். பட்டியைப் படித்தவனும் பயனை அறியாவிடின் மருத்துவனிடமே வரவேண்டும். பயனையும் அறிந்துவிட்டால் வரவேண்டியதில்லை. அரசசார்பு ஏடொன்று அவரைக் குடிகாரர் என்று ஏசிற்று. தணிக்கைமுறை குலைந்திருந்த அக்காலத்தில் நூலைத் தடுக்கக் கல்லூரியால் இயலவில்லை. குருமார் வேதத்தையும், வழக்கறிஞர் சட்டத்தையும், மருத்துவர் மருந்தையும் மக்களுக்கு விளங்கா மொழியில் வைத்துக்கொண்டு அவர்களை அடிமைப்படுத்துகின்றனர் என்பது அக்காலத் தீவிரவாதிகள் பலரின் குற்றச்சாட்டு. கல்பெப்பர் அதனை மருந்துக்கடையிலே செயலாக்கினார். 1652 இல் உள்ளூர் மூலிகைகள் பற்றி மலிவு விலையில் இன்னொரு நூலை வெளியிட்டார்; அது இன்றும் அச்சாகிக்கொண்டிருக்கின்றது. சோதிடத்தை அவர் பெரிதும் நம்பினார் என்பதையும், மூலிகை ஒவ்வொன்றையும் ஒவ்வொரு கோளுக்கு உரியதாக்கினார் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. அவர் கொடுத்த அறிவு குறைபாடுடையது. கொடுத்த செயல் குறைபாடுடையதன்று.

அரபு மொழியின் வழியாக வந்த 'சிரப்', 'எலிக்சர்', 'அல்ககோல்' முதலியவற்றை விரிப்பின் பெருகும். கண்ணுக்கு இடும் மையின் அரபுப் பெயரே நுண்பொடிக்கும், பின்னர் வடித்தெடுத்த சாரத்துக்கும், இறுதியில் மதுவின் சாரத்துக்கும் ஆகியது என்பதை மாத்திரம் குறித்து மேலே செல்கின்றோம்.

பதினெட்டாம் பத்தொன்பதாம் நூற்றாண்டுகளில் மருந்துச்சொல்லின் அதிகாரம் கல்லூரியிடமிருந்து வணிகனிடம் சென்றது. போலிவைத்தியனைக் குறிக்கும் 'குவாக்' என்பது, தன் களிம்பைக் கூவி விற்பவன் என்னும் ஒல்லாந்தச் சொல்லின் தலைப்பகுதி. அதன் மறுபாதியில் இருந்தது நாம் முன்னர் கண்ட 'சல்வ்' என்பதன் இனச்சொல்லே. இரகசியச் சரக்கைக் குறித்த 'நொஸ்ற்றம்' என்பதற்கு இலத்தீனில் 'எம்முடையது' என்று பொருள். வணிகன் இலத்தீனைக் கைவிடவில்லை. ஆயின் அதனோடு கனிவான தாய்மொழிச் சொற்களையும் சேர்த்துக்கொண்டான். இங்கேதான் மிகக் கொடிய உதாரணங்கள் கிடைக்கின்றன.

இங்கிலாந்தின் ஆலை நகரங்களில் தாய்மார் விடியுமுன் வேலைக்குச் செல்ல, கைக்குழந்தைகள் அயலாரின் பொறுப்பில் விடப்பட்டன. அக்குழந்தைகளை உறங்கச்செய்யக் கொடுக்கப்பட்ட மருந்துகளுள் பெயர்பெற்றது 'கோட்பிரியின் கோடியல்'. 'கோடியல்' என்பது இதயம் என்னும் இலத்தீன் சொல்லடியாகப் பிறந்தது. நெஞ்சுக்கு இதமானது என்பது பொருள். அதில் இருந்தவை அபினும் பாகும். அப்பாகு வேறெதுவுமன்று, 'ட்றீக்கிள்' தான். நஞ்சுக்கு மாற்றெனப் பெயர்பெற்ற சொல், இப்போது நஞ்சைக் குழந்தையின் வாயிற் சேர்க்கும் இனிப்பாயிற்று. அமெரிக்காவில் 1849 முதல் விற்கப்பட்ட 'வின்சுலோ அம்மையாரின் ஆற்றுப்பாகு' என்பதில் மோர்பீன் இருந்தது. தாய்மையின் பெயரும் ஆறுதலின் பெயரும் ஒருங்கே போத்தலின்மேல் ஒட்டப்பட்டிருந்தன. உறங்கிய குழந்தைகள் பல விழிக்கவில்லை. 1867 இல் வெளிவந்த 'மூலதனம்' முதற்பாகத்தில் கார்ல் மார்க்ஸ், பொதுச்சுகாதார அறிக்கைகளை ஆதாரமாகக் கொண்டு, தாய்மார் ஆலைக்குச் சென்றமையையும் குழந்தைகளுக்கு அபின் ஊட்டப்பட்டமையையும் குழந்தை மரணத்தையும் இணைத்துக் காட்டியமை இவ்விடத்து மனங்கொள்ளத்தக்கது. தாய்மாரின் அறியாமையே காரணம் என்று நல்லொழுக்கம் போதித்தோர் அக்காலத்திற் பலர். போத்தலின்மேல் அபின் என்ற சொல்லே இல்லாதபோது எந்த அறிவைக்கொண்டு அவர்கள் அதனை அறிந்திருத்தல் கூடும்? 1868 இன் மருந்தாக்கற் சட்டம் அபின் விற்பனையைக் கட்டுப்படுத்திற்று. ஆனால் வணிகப் பெயருடன் விற்கப்பட்ட இத்தகைய மருந்துகளுக்கு விலக்களித்தது. அமெரிக்காவில் 1906 ஆம் ஆண்டுச் சட்டமே மோர்பீன், அபின், கொக்கெயின் முதலியன இருப்பின் அதனை வெளிப்படையாக அச்சிட வேண்டும் என்று பணித்தது. மருந்தை அச்சட்டம் தடைசெய்யவில்லை. பெயரைச் சொல்லுமாறு மாத்திரமே கேட்டது.

அப்பட்டியலில் 'ஹெரோயின்' என்ற பெயரும் இருந்தது. இன்று அச்சத்தோடு உச்சரிக்கப்படும் இச்சொல் 1898 இல் செர்மனியின் பேயர் நிறுவனம் இருமல் மருந்தொன்றுக்கு இட்ட வணிகப் பெயர். வீரத்தைக் குறிக்கும் சொல்லிலிருந்து ஆக்கப்பட்டது என்பர். அடுத்த ஆண்டு அதே நிறுவனம் இட்ட பெயர் 'அஸ்பிரின்'. முதல் உலகப்போரின் பின் பிரித்தானியா முதலிய நாடுகளில் இப்பெயரின்மீது அந்நிறுவனத்துக்கிருந்த உரிமை பறிபோயிற்று. உடைமையாயிருந்த சொல் பொதுச்சொல்லாயிற்று. 1884 இல் இலண்டனின் பரோஸ் வெல்கம் நிறுவனம் தன் செறிவான குளிசைகளுக்கு இட்ட 'ரப்லோயிட்' என்ற பெயரோ, செய்தியைக் குளிசையாக்கித் தரும் சிறுவடிவப் பத்திரிகைகளுக்கு உரியதாயிற்று. அப்பத்திரிகைகள் சிலவற்றைப் படிப்போர் அப்பெயரின் தோற்றத்தை நினைவுகூர்தல் தகும்.

பேரரசு கொணர்ந்த சொற்களுள் ஒன்றையாவது கூறாது விடலாகாது. 'குயினைன்' என்பதன் வேர் அந்தீசு மலைவாழ் மக்களின் கெச்சுவா மொழியில் மரப்பட்டையைக் குறிக்கும் சொல். அம்மரத்துக்குத் தாவரவியலார் இட்ட 'சிங்கோனா' என்னும் பெயரோ ஸ்பானியப் பெருமாட்டி ஒருத்தியின் நினைவாக, அதுவும் எழுத்துப்பிழையோடு, 1742 இல் லினேயஸ் சூட்டியது. அப்பட்டையால் அவள் குணமடைந்தாள் என்ற கதை பிற்காலத்தில் ஆதாரமற்றதெனக் காட்டப்பட்டது. 1861 இல் ஹக்கலையில் சிங்கோனாத் தோட்டம் தொடங்கப்பட்டது. கோப்பி அழிந்தபோது மலைநாட்டில் அது பெருமளவிற் பயிராகி, விலை வீழ்ந்ததும் தேயிலைக்கு இடம்விட்டது. அத்தோட்டங்களில் உழைத்தோர் தென்னிந்தியாவிலிருந்து வந்த தமிழ்த் தொழிலாளரே. 1934–35 இல் மலேரியாக் கொள்ளைநோய் இந்நாட்டில் ஏறத்தாழ 80,000 உயிர்களைக் கொண்டபோது, சூரியமல் இயக்கத்தினர் கிராமங்களுக்குக் கொண்டுசென்ற மருந்தும் அதுவே. எம் மக்கள் அதனைக் 'கொயினா' என்றனர். ஆங்கில வடிவத்தைவிட அந்தீசு மலையின் மூலச்சொல்லுக்கு இது நெருக்கமாக ஒலிப்பது ஒரு விந்தை.

ஆங்கிலேயரின் மருந்துநூல் ஆங்கிலத்தை அடைந்தது எப்பொழுது? 1851 இல் வெளிவந்த இலண்டன் மருந்துநூலும் இலத்தீனிலேயே இருந்தது. 1864 இல் வெளியான முதலாவது பிரித்தானிய மருந்துநூலே ஆங்கிலத்தில் அமைந்தது. கல்பெப்பரின் மொழிபெயர்ப்புக்கும் அதற்கும் இடையே 215 ஆண்டுகள். ஏறத்தாழ அதே காலத்தில், யாழ்ப்பாணத்து மானிப்பாயில் அமெரிக்க மிசன் மருத்துவரான சாமுவேல் பிஸ்க் கிறீன் தமிழிலேயே மருத்துவம் கற்பிக்கத் தலைப்பட்டார். 'இரணவைத்தியம்', 'கெமிஸ்தம்' முதலிய நூல்கள் அம்முயற்சியில் வெளிவந்தன. 1873 இல் அவர் நாடு திரும்பிய பின்னர் தமிழ்வழி மருத்துவக் கல்வி நெடுங்காலம் நிலைக்கவில்லை. தமிழ் மருத்துவத்திற்குத் தகுதியற்றது என்ற வாதம் அதன்பின்னும் பலமுறை கேட்கப்பட்டது. ஆங்கிலத்தைப் பற்றி மருத்துவர் கல்லூரி கொண்டிருந்த எண்ணத்திற்கும் அதற்கும் வேறுபாடு அதிகமில்லை.

எமது வைத்தியசாலைகளின் மருந்து வழங்கும் சாளரத்தில் நோயாளியின் கைக்கு வருவது பெரும்பாலும் சிறு காகித உறை. சீட்டிலே மருத்துவர் வேளைகளை இன்றும் இலத்தீன் சொற்களின் தலையெழுத்துக்களாற் குறிக்கின்றார். கொடுப்பவர் அவற்றைப் படித்து, காலை ஒன்று, இரவு ஒன்று என வாயாற் சொல்லி, உறையிற் கோடு கிழித்துக் கொடுக்கின்றார். வரிசையிலே பின்னால் நிற்பவர்களின் அவசரத்தில் அக்குரல் சிலவேளை கேட்பதில்லை. வீட்டுக்கு வந்தபின் அக்கோடுகளின் பொருளை அயலவரிடம் கேட்டறியும் முதியோரை நாம் கண்டிருக்கின்றோம்.